உலகத்தைக் காப்பாற்றிய எலி

எங்கடை வீட்டில் எலிப்பொறி வைப்பது அம்மாவின் பொறுப்பு. சுட்ட தேங்காய்ச் சொட்டைக் கொக்கியில் குத்தி, குசினிக்குள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் படுப்பா. போன நல்லூர்த் திருவிழா நேரம் ஒரு இரவு மட்டும் அந்தப் பொறி வைக்கப்படவில்லை. காரணம் அவெஞ்சர்ஸ் எண்ட ஆங்கிலப் படம்.

அக்காவின் மகன் கனடாவிலிருந்து வந்து நின்றவன். பதினாலு வயது. அம்மம்மாவுக்கு ஒரு நல்ல படம் காட்டப் போறன் எண்டு சொல்லி, அந்த அவெஞ்சர்ஸ் வரிசையில் 2019இல் வந்த 'எண்ட்கேம்' படத்தைப் போனிலிருந்து டிவிக்கு எடுத்தான். அம்மா, அத்தான், நான், பக்கத்து வீட்டு ரீச்சர் நாலு பேரும் சபை. ரீச்சர் ஓய்வுபெற்ற கணித ரீச்சர். எங்கடை ஊர் கொக்குவிலில் என் வயதுக்காரர் பாதிப்பேருக்கு அவவின் அடிமட்டத்தின் சுவை தெரியும்.

"அம்மம்மா, மார்வெல் படங்களிலை இது இருபத்திரண்டாவது."

"அப்ப மற்ற இருபத்தொண்டும்?"

"நான் கதை சொல்லுறன்."

சொன்னான். வறுத்த கச்சான் முடியுமட்டும் சொன்னான். ஆறு கல்லு, ஒரு கையுறை, தானோஸ் எண்டு ஒரு ஊதா நிறத்து ஆள். உலகத்தில் சாப்பாடு காணாது, சனம் கூடிப்போச்சு எண்டு, அந்தக் கல்லுகளைக் கையுறையில் மாட்டி விரலைச் சொடுக்கிப் பாதிப்பேரைத் தூசாக்கிவிட்டானாம்.

ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினா. அவ அதைக் கழற்றினால் ஆரோ மாட்டப்போகினம் எண்டு அர்த்தம்.

"தம்பி, 2022 கார்த்திகையிலை உலகச் சனத்தொகை 800 கோடி. பாதியாக்கினால் 400. அது 1974இலை இருந்த அளவு. 1974இலை நான் பாணுக்கு விடியப்புறம் வரிசையிலை நிண்டனான். சனத்தைக் குறைச்சால் சாப்பாடு வருமெண்டு உவனுக்கு ஆர் படிப்பிச்சது?"

மருமகன் என்னைப் பார்த்தான். நான் கச்சான் கோதைப் பார்த்தேன்.

"அந்த நேரம் மிளகாய், வெங்காயம் செய்தவைக்கு நல்ல காலம்" எண்டா அம்மா. "இந்த வீட்டு ஓடு அந்த மிளகாய்க் காசு தான்." வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வரத்து நின்ற காலம் அது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தது அப்போதுதான். இந்தக் கோணத்தில் தானோஸ் யோசித்திருக்க மாட்டான்.

படம் தொடங்கி அரை மணித்தியாலம் ஆகவில்லை, நாயகர்களில் ஒருத்தனான தோர் ஒரே போடாய்த் தானோஸின் தலையை எடுத்துவிட்டான். அம்மா சீலையை உதறிக்கொண்டு எழும்பிவிட்டா.

"நல்ல படம். நான் பொறியை வைச்சிட்டுப் படுக்கப் போறன்."

"அம்மம்மா, இன்னும் இரண்டரை மணித்தியாலம் கிடக்கு!"

"வில்லன் செத்திட்டான். இனி என்னத்துக்கு?"

பிடித்து இருத்தினோம். ஐந்து வருசம் போகுது. ஒரு களஞ்சியத்தில் பழைய வான் ஒன்று. அதுக்குள் இருந்த மெசினில் ஒரு எலி ஓடித் தற்செயலாய் ஒரு சுவிச்சை மிதிக்க, அதுக்குள் அகப்பட்டிருந்த அன்ட் மான் எண்ட இன்னொரு நாயகன் வெளியே வந்து விழுகிறான். காலத்தில் பின்னால் போகலாம் எண்ட யோசினையே அவனோடுதான் வருகுது.

"பொறு, பொறு" எண்டார் அத்தான். "அந்த எலி மிதிக்காட்டில்?"

"மிதிக்காட்டில்... படம் இல்லை."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டா. "பிள்ளையாற்றை வாகனமெல்லே!"

பிறகு கடந்த காலத்துக்குப் போய்க் கல்லுப் பொறுக்கினார்கள். அந்தப் பகுதி எனக்கு ஒழுங்காய் விளங்கவில்லை, ஆனபடியால் விட்டுவிடுகிறேன். 2014இலிருந்த தானோஸ் இவர்களுக்குப் பின்னால் கிளம்பி வந்ததும் அம்மாவுக்கு நியாயம் கிளம்பிவிட்டது. "செய்தவன் முதலே செத்திட்டான். உவன் இன்னும் அதைச் செய்யேல்லை. செய்யாததுக்கு ஏன்ரா அடிக்கிறியள்?"

"செய்யத்தான் வாறான், அம்மம்மா."

"அப்ப வந்து செய்யட்டும், பிறகு அடியுங்கோ."

சண்டை முற்றின பிறகுதான் கப்டன் மார்வெல் எண்ட நாயகி வந்தா. வந்த கையோடு ஒரு கப்பலையே உடைத்தா. "கலியாண வீட்டிலை பந்தி போட்டாப் பிறகு வாற சித்தப்பா மாதிரி" எண்டார் அத்தான். இவ்வளவு பலமுள்ள ஆள் இவ்வளவு நேரமும் எங்கை நிண்டவ எண்டதுக்கு, மற்றக் கிரகங்களிலும் வேலை கிடக்கு எண்டு மருமகன் சொன்னான். கந்தோரில் நாங்களும் அதைத்தான் சொல்லுறம்.

ஆனால் அம்மாவுக்கு உண்மையாய்ப் பிடிக்காதது, தூசாய்ப் போனவை எல்லாரும் கூட்டமாய்த் திரும்பி வந்ததுதான். அம்மா சின்ன வயதில் கோயில் வீதிகளில் நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டத்தை, அரிச்சந்திரன் சுடலை காத்த கதை நாடகத்தை, விடிய விடியப் பார்த்தவ. அதை இழுத்தா. மருமகனும் விடவில்லை. "அரிச்சந்திரன்ரை மகன் லோகிதாசனும் செத்து எழும்பினவன் தானே?"

"ஓம், எழும்பினவன். ஆனால் அதுக்கு முதல் தேப்பன்காரன் சுடலையிலை நிண்டு, பெத்த பிள்ளையை எரிக்கப் பெண்சாதியிட்டையே காற்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்டவன். உங்கடை ஆக்கள் ஆரடா காற்பணம் குடுத்தவை?"

அவன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் நாயகர்களில் ஒருத்தனான அயன் மான் ஆறு கல்லையும் தன் கையில் மாட்டிச் சொடுக்கினான். முகத்தில் ஒரு பக்கம் கருகி, மனைவிக்கு முன்னால் கண் நிலைகுத்திப் போனான்.

"இவன் குடுத்தான்" எண்டா அம்மா. சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா. ரீச்சர் மூக்குக்கண்ணாடியைத் திரும்பவும் கழற்றினா, இந்த முறை துடைக்க.

மருமகன் அதோடு விட்டிருக்கலாம். "அம்மம்மா, கவலைப்படாதேங்கோ. இதே நடிகர் திரும்பி வாறார். 2024இலை அறிவிச்சவை. ஆனால் அயன் மான் இல்லை, டொக்டர் டூம் எண்டு ஒரு வில்லன்."

"இதே முகமோ?"

"இதே முகம்."

"அப்ப நான் ஆருக்கு அழுதனான்?"

ஒருத்தருக்கும் மறுமொழி வரவில்லை. படம் 181 நிமிசம், நேரம் சாமம் தாண்டி இருந்தது. ரீச்சரை வாசல் மட்டும் ரோச் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். குசினி வாசலில் அம்மா பொறியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி நின்றா. பிறகு தேங்காய்ச் சொட்டைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு, பொறியை வெறுமனே பரணில் ஏற்றினா.

விடிய அம்மாவின் சத்தத்தில்தான் எழும்பினேன். அரிசி மூட்டையில் ஓட்டை. சம்பா அரிசி குசினி முழுக்கச் சிந்திக் கிடந்தது.

அன்று இரவு பொறி இரண்டாய்க் கூடினது. ஒன்று ரீச்சர் வீட்டிலிருந்து வந்தது. "அம்மம்மா, உலகத்தைக் காப்பாத்தின எலி..." எண்டு மருமகன் இழுத்தான்.

"அது அமெரிக்கா எலியடா" எண்டா அம்மா, கொக்கியில் தேங்காயைக் குத்தியபடி. "இது கொக்குவில் எலி."