மாருதி 800: பேட்டரியையும் செல்ஃபையும் மாற்றிய பிறகு மாட்டிய திருடன்

நேற்று உச்சி வெயிலில், என்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது, ஒரே திருப்பில் வண்டி எடுத்தது. இரண்டு மாதமாக நடக்காத காரியம். அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன், வேலை இன்னும் முடியவில்லை என்றாலும்.

அப்பா வாங்கிய 1997 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. காலையில் சமர்த்தாக எடுக்கும். கடைக்குப் போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் 'டக்'. அதோடு சரி. பெட்ரோல் பங்கில் வரிசையே வேடிக்கை பார்க்க, பின்னால் நின்ற ஆட்டோக்காரர் இறங்கித் தள்ளிவிட்ட நாளும் உண்டு.

எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். முதலில் புது பேட்டரி. அப்புறம் என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன், புஷ் எல்லாம் மாற்றினேன். மேஜைமேல் வைத்து கரண்ட் கொடுத்தால் துள்ளிக்கொண்டு ஓடுகிறது. வண்டியில் மாட்டினால் அதே 'டக்'.

பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குப் போகும் கேபிளை நான் சந்தேகப்படாமல் இல்லை. மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தேன், 0.2 காட்டியது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.2தான். அதனால் கேபிள் சுத்தம் என்று முடிவு கட்டிவிட்டேன். இங்கேதான் ஏமாந்தேன். செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது, பத்துப் பதினைந்து மில்லி ஓம் இருந்தாலே ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். சாதாரண மீட்டரின் ஓம் பக்கத்துக்கு அது கண்ணிலேயே படாது.

வோல்ட்டில் வைத்து, செல்ஃப் சுற்றும்போது பார்க்க வேண்டும். என்ஜின் பற்றிக்கொள்ளாமல் வெறுமனே சுற்றட்டும் என்று இக்னிஷன் காயிலின் வயரைப் பிடுங்கி எர்த் பண்ணிவிட்டு அப்பாவைச் சாவியருகே உட்கார வைத்தேன். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ் கம்பத்தில் (கிளாம்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே), மறுமுனை செல்ஃப் போல்ட்டில். 1.6 வோல்ட்! அரை வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டிய இடம் அது. மைனஸ் கம்பத்துக்கும் செல்ஃப் உடம்புக்கும் நடுவே 0.6. பேட்டரியில் 10.9 இருக்க, செல்ஃபுக்குப் போய்ச் சேர்ந்தது 8.7தான்.

பிளஸ் கேபிளைக் கழற்றித் தோலை உரித்தேன். லக் (கேபிள் முனையில் போல்ட்டில் மாட்டும் துண்டு) பளபளவென்று இருந்தது, மூன்று தடவை உப்புத்தாள் போட்டவன் நான்தானே. உள்ளே ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. விரலால் தேய்த்தால் இழைகள் பொடியாக உதிர்ந்தன.

புதுக் கேபிளுக்கு 25 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள் பாரிமுனையில் மீட்டர் கணக்கில் வாங்கினேன். இந்தத் தூரத்துக்கு 16 போதும், 25 என் ஆசை. கிளாம்புக்கு மட்டும் இரண்டு நடை. இந்த பேட்டரிக்குச் சின்னக் கம்பம். கடைக்காரர் "எல்லாத்துக்கும் சேரும் தம்பி" என்று கொடுத்தது முழுசாக முறுக்கியும் தொளதொளவென்று ஆடியது.

லக் அடிப்பதில்தான் ஒரு வாரம் போனது. முதல் லக்கை வைஸில் வைத்து உளியால் அடித்தேன். ஓங்கி இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. இரண்டாவதுக்கு ஈயம் பற்றவைத்தேன். ஈயம் இழைகளுக்குள் ஏறி, கேபிள் நாலு விரல் நீளத்துக்குக் குச்சி மாதிரி விறைத்துக்கொண்டது. என்ஜின் அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடம்தான் முதலில் ஒடியும். அதையும் வெட்டிப் போட்டேன். கடைசியில் லக்கைக் கேபிளோடு சேர்த்து நசுக்கிப் பிடிக்க வைக்கும் ஹைட்ராலிக் கிரிம்பிங் டூலே வாங்கிவிட்டேன், வீட்டில் விலையைச் சொல்லவில்லை. அதிலும் நேரே 25ஆம் நம்பர் அச்சில் அழுத்தினால் லக்கின் இருபுறமும் செம்பு காது மாதிரி பிதுங்குகிறது. முதலில் 35இல் ஒரு அழுத்து, பிறகு கொஞ்சம் திருப்பி 25இல் இன்னொரு அழுத்து. காது போச்சு. நம்பிக்கை வராமல் ஒரு லக்கை ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். இழைகளுக்கு நடுவே இடைவெளியே இல்லை, ஒரே செம்புக் கட்டி. அந்தத் துண்டை மேஜைமேல் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன்.

பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கும் உறை) போட்டு மாட்டியபின் பிளஸ் பக்கம் 0.2.

எர்த் பக்கம் இன்னும் அதே 0.6. கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் பட்டை மேல் எனக்குச் சந்தேகம், ஆனால் அதன் போல்ட் துருவில் இறுகிக் கிடக்கிறது. இரண்டு நாளாக எண்ணெய் விட்டு ஊறப்போட்டிருக்கிறேன். சாவி ஸ்விட்சைக் காப்பாற்ற செல்ஃபை இயக்கும் சோலனாய்டின் வயருக்கு ஒரு ரிலே வைத்து, அந்தக் கரண்ட் சாவி வழியாகப் போகாமல் செய்யும் யோசனையும் இருக்கிறது, ரிலே வாங்கியாயிற்று. மீதிக் கேபிள் ஒன்றரை மீட்டர் கிடக்கிறது. பக்கத்து வீட்டு அம்பாசிடர் நேற்று காலையில் முனகியதைக் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் அளக்க வேண்டும். அப்பா இப்போதே கேட்கிறார், "இன்னும் எத்தனை தடவைடா திருப்பணும்?"