டெக் லாகில் நான் அடித்து எழுதிய வரி

ஏர்பஸ் ஏ320-இல் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாகப் பறக்க ஆரம்பித்து நாலு மாதம்கூட ஆகியிருக்காது. மே மாத மதியம். சென்னையில் இறங்கி, விமானம் நிறுத்தும் இடமான பே நோக்கி வந்துகொண்டிருந்தபோது வழக்கம்போல ஏபியுவை ஸ்டார்ட் செய்தேன். வாலுக்குள் இருக்கும் குட்டி என்ஜின் அது. பெரிய என்ஜின்களை அணைத்த பிறகு கரண்ட், ஏசிக்குக் காற்று, மறுபடி என்ஜினைக் கிளப்பக் காற்று எல்லாம் அதுதான் தரும். பச்சை விளக்கு வந்தது. ஓரிரு நிமிடம்தான். பே-க்குள் திரும்பும்போது ஈகேம் திரையில் எச்சரிக்கை: ஏபியு தானாகவே நின்றுவிட்டது.

கீழே, நிற்கும் விமானத்துக்குக் கரண்ட் தரும் ஜிபியு வண்டியின் கேபிளைச் செருகும்வரை ஒரு என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். பின்னால் அத்தனை பேரும் பையோடு எழுந்து நின்று, ஏன் கதவைத் திறக்கவில்லை என்று குமுறிக்கொண்டிருந்திருப்பார்கள்.

கேப்டன் மேடம், விமானத்தின் பழுதுகளைப் பதிவுசெய்யும் டெக் லாகை என் பக்கம் நீட்டி, "நீங்களே எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். ஆங்கிலத்தில் இரண்டே சொல் எழுதினேன்: ஏபியு பழுது.

படித்துவிட்டுக் கேட்டார். "பழுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பழுது ஏபியுவிலா, சென்சாரிலா, கம்ப்யூட்டரிலா? நீங்க என்ன பார்த்தீங்களோ அதை மட்டும் எழுதுங்க."

டெக் லாகில் தாளைக் கிழிக்க முடியாது, மை வைத்து மறைக்கவும் கூடாது. ஒற்றைக் கோட்டில் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்துவிட்டு மறுபடி எழுதினேன். தரையிறங்கிய பின் பே நோக்கி ஓடும்போது ஸ்டார்ட் செய்தது, பச்சை விளக்கு வந்தது, சுமார் இரண்டு நிமிடத்தில் தானாக நின்றது, திரையில் வந்த வாசகம் இன்னது, மறுபடி முயலவில்லை. மேலே வந்த இன்ஜினியர் முதலில் படித்தது இந்த வரிகளைத்தான். என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, நேரே வேலைக்குப் போய்விட்டார்.

ரீசெட் செய்து பார்த்தார், மறுபடியும் நின்றது. அடுத்த பயணத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. இனி எம்இஎல்தான். எதெது வேலை செய்யாவிட்டாலும் கிளம்பலாம், என்னென்ன நிபந்தனையோடு என்று, ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலோடு விமான நிறுவனம் வைத்திருக்கும் பட்டியல் அது. அத்தியாய எண்கள் உலகம் முழுக்க ஒன்றே: ஏசி 21, விளக்குகள் 33, ஏபியு 49. எங்களுடையதில் இது 'சி' வகை, சரிசெய்யப் பத்து நாள். கண்டுபிடித்த நாள் கணக்கில் சேராது. 14-ஆம் தேதி எழுதினால் 24 முடியும்வரை. 'பி' வகைக்கு மூன்றே நாள், 'டி'-க்கு 120. இன்ஜினியர் செய்ய வேண்டியதற்கு 'எம்' என்றும் பைலட் செய்ய வேண்டியதற்கு 'ஓ' என்றும் குறி இருக்கும்.

அவர் தேதி எழுதிய ஸ்டிக்கரை ஏபியு சுவிட்ச் பக்கத்தில் ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தினார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மேடம் ஐபேடில் அதே பக்கத்தைத் தானும் முழுக்கப் படித்தார். பிறகு, ஏற்கனவே தள்ளிவைத்திருந்த பழுதுகளின் பட்டியலைப் புரட்டினார். ஜெனரேட்டர், பிளீட் ஏர் (என்ஜினிலிருந்து எடுக்கும் காற்று) என்று ஏதாவது இருந்தால் கதை மாறிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் அனுமதிக்கிற இரண்டு பழுதுகள் சேர்ந்து வந்தால் வேறு விஷயம். இருந்ததோ 12சி இருக்கையின் ரீடிங் லைட் மட்டும்.

அப்புறம், பயணங்களைத் திட்டமிடும் டிஸ்பாட்சுக்குப் போன். "போற ஊர்ல ஏர் ஸ்டார்ட் யூனிட் இருக்கா? வேலை செய்யுதா?" தரையிலிருந்து என்ஜினைக் கிளப்பக் காற்று தரும் வண்டி அது. எனக்கு இது தோன்றவே இல்லை. இங்கே கிளப்பிவிடலாம், அங்கே என்ஜினை அணைத்த பிறகு திரும்ப எதை வைத்துக் கிளப்புவது? இருக்கிறது என்று உறுதியான பிறகே விமானத்தை ஏற்றுக்கொண்டார்.

கேபின் அடுப்பு மாதிரி இருந்தது. பயணிகளிடம் மேடமே மைக்கில் விஷயத்தைச் சொன்னார். பே-யிலேயே, ஏடிசி எனும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதியோடு, ஏர் ஸ்டார்ட் வண்டியின் தடித்த குழாய்க் காற்றில் ஒரு என்ஜினைக் கிளப்பினோம். வண்டிகள் விலகின, விமானத்தைப் பின்னால் தள்ளும் புஷ்பேக் ஆனது. பிறகு ஓடும் என்ஜினின் காற்றை மற்றதுக்குத் திருப்பி அதையும் கிளப்பினோம். இதற்கு ஓடும் என்ஜினின் த்ரஸ்ட்டை, அதாவது உந்துவிசையை, கொஞ்சம் ஏற்ற வேண்டும். பின்னால் ஆளோ வண்டியோ இருந்தால் பறந்துவிடும். அதனால் தரையில் நின்றவரிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். இரண்டாவது தடவை அவர் குரலில் லேசான சலிப்பு தெரிந்தது.

ஆறு நாள் கழித்து அதே விமானம் எனக்கு வந்தது. ஸ்டிக்கர் இல்லை, பசைத் தடம் மட்டும். லாகில் பாகம் மாற்றி, ஓட்டிப் பார்த்து, இன்ஜினியர் கையெழுத்துப் போட்டிருந்தார். 12சி ரீடிங் லைட் மட்டும் இன்னும் பட்டியலில் அப்படியே இருந்தது.