கட்டுரையைப் படிக்கும் முன்பே கழித்துக்கட்டப்படும் ஸ்காலர்ஷிப் விண்ணப்பங்கள்

மதிப்பெண் நன்றாக இருந்தால் வெளிநாட்டில் படிக்க ஸ்காலர்ஷிப் தானாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். மதிப்பெண் வாசல்வரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். போட்டிக்கு வருகிற எல்லோரிடமும் அது இருக்கிறது. பணம் கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார் என்று புரிந்துகொண்டு, அதற்கான ஆதாரத்தைத் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்து வைப்பவர்தான் மற்றவர்களை முந்துகிறார்.

அதற்கும் முன்னால் தகுதி விதிகள் இருக்கின்றன. இங்கே இரண்டு வகைத் தவறு நடக்கிறது. தகுதியில்லாமல் விண்ணப்பிப்பது ஒன்று. தகுதி இருந்தும் ஒதுங்கிக்கொள்வது இன்னொன்று. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும். இரண்டு ஆண்டு முழுநேர வேலை பார்த்திருந்தால்தான் முடியும் என்று எண்ணிப் பலர் விலகிவிடுகிறார்கள். பட்டம் பெற்றபின் செய்த பகுதிநேர வேலையும் தன்னார்வப் பணியும் அந்தக் கணக்கில் சேரும். வாரம் 15 மணி நேரம் என்று 50 வாரம் செய்திருந்தாலே 750 மணி நேரம் ஆகிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு நடத்தும் பல திட்டங்களில் கடைசிப் பட்டம் வாங்கி ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கான கேட்ஸ் கேம்பிரிட்ஜ் உதவித்தொகைக்குத் தனி விண்ணப்பமே கிடையாது; பல்கலைக்கழகச் சேர்க்கை விண்ணப்பத்துக்குள்ளேயே நிதியுதவிப் பகுதியாக அது இருக்கிறது. சேர்க்கைக்கான கடைசி நாள் வேறு, உதவித்தொகைக்கான கடைசி நாள் வேறு என்று கவனிக்காதவர்களுக்குச் சீட்டு கிடைத்தும் பணம் கிடைப்பதில்லை. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். போன வருடம் வென்றவர் சொன்னதைவிட இந்த வருட அறிவிப்பைத்தான் நம்ப வேண்டும்.

பெரிய திட்டங்கள் பலவற்றில் படிப்பு தொடங்குவதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். ஐஇஎல்டிஎஸ் (IELTS) என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால், அதை ரொம்ப முன்னதாக எழுதி வைப்பதும் வீண். சான்றிதழில் முன்னெழுத்தும் பாஸ்போர்ட்டில் விரித்த பெயரும் இருந்தால் இப்போதே சரிசெய்யத் தொடங்குங்கள். இது வாரக்கணக்கில் இழுக்கும் வேலை. கடைசி நாள் எந்த நாட்டு நேரப்படி என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். பதவி பெரிதாக இருக்கிறது என்பதற்காக உங்களைச் சரியாகத் தெரியாத துறைத்தலைவரிடம் போனால், ‘ஒழுக்கமான, உழைப்பாளியான மாணவர்’ என்று யாருக்கும் பொருந்தும் நான்கு வரிதான் வரும். உங்கள் புராஜெக்ட்டை வாராவாரம் திருத்திய ஆசிரியரின் கடிதம் அதைவிடப் பல மடங்கு மேல். ஆறு வாரம் முன்பே கேளுங்கள். வெறுமனே கேட்காமல், திட்டம் எதிர்பார்க்கும் தகுதிகள், உங்கள் மதிப்பெண் பட்டியல், கட்டுரையின் வரைவு, அவரிடம் நீங்கள் செய்த வேலைகளின் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் கொடுங்கள். உண்மையான கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னதான தேதியைச் சொல்லுங்கள் (இந்தச் சின்னப் பொய்யை மன்னிக்கலாம்). கடிதத்தைப் பதிவேற்றச் சொல்லி இணையதளம் தானாக அனுப்பும் இணைப்பு அவருடைய ஸ்பாம் பெட்டிக்குப் போய்விடுவது சர்வசாதாரணம். வந்து சேர்ந்ததா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கட்டுரைக்கு வருவோம். ‘சிறுவயது முதலே எனக்கு ஆர்வம்’ என்று தொடங்கினால் படிப்பவரின் கண் அடுத்த பத்திக்குத் தாவிவிடும். ‘எங்கள் குழு முகாம் நடத்தியது’ என்பதிலும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. எத்தனை பேர் வந்தார்கள், எது சொதப்பியது, நீங்கள் எதை மாற்றினீர்கள், மாற்றியபின் என்ன ஆனது என்று ஒரே சம்பவத்தை ஆழமாக எழுதுங்கள். ஐந்து சாதனைகளை அடுக்குவதைவிட இது எடுபடும். எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள்: திட்டத்தின் பெயரை அடித்துவிட்டு வேறொரு திட்டத்தின் பெயரைப் போடுங்கள். அப்படியும் கட்டுரை பொருந்தினால் அது இந்தத் திட்டத்துக்காக எழுதப்பட்டதல்ல. செவனிங் பெற்றவர்கள் படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் திட்டத்துக்கான கட்டுரையில் போய், வெளிநாட்டிலேயே வேலை தேடும் கனவை எழுதினால் எப்படிக் கொடுப்பார்கள்?

பெயர்பெற்ற இரண்டு திட்டங்களோடு நிற்காமல் துறை அளவிலான சிறிய உதவித்தொகைகள் மூன்று நான்குக்கும் விண்ணப்பியுங்கள். கல்விக்கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைப்பவை போன்றவற்றைப் பலர் தேடுவதே இல்லை. ஒன்றை வாங்கினால் மற்றொன்றை வாங்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குடும்ப வருமானத்தைப் பொறுத்துத் தரப்படுபவற்றில், படிவத்தில் எழுதும் தொகையும் இணைக்கும் ஆவணத்தில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். தோராயமாக எழுதினாலும் மறைப்பதாகவே தோன்றும்.

நேர்காணலில் உங்கள் கட்டுரையில் இருந்துதான் பெரும்பாலும் கேள்வி வரும். அனுப்பிய பிரதியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் ‘ஏன்?’, ‘எப்படித் தெரியும்?’ என்று நண்பர் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் திணறும் வரிகளைக் குறித்துக்கொண்டு முதலில் அவற்றுக்குத் தயாராகுங்கள்.