ஆறு மணி மாத்திரை

நரம்பியல் வார்டுக்கு மாறிய புதிதில் நான் செய்த ஒரு தவறு இன்னும் மனதை உறுத்துகிறது.

பார்க்கின்சன் நோயோடு பத்து வருடங்களைத் தள்ளிய ஒரு தையல்காரர் சளிக் காய்ச்சலுக்காக அட்மிட் ஆகியிருந்தார். "சிஸ்டர், காலைல ஆறு மணிக்கு மாத்திரை குடுத்துடணும். தள்ளிப்போனா மனுஷன் கட்டையாயிடுவாரு" என்றார் அவர் மனைவி. "எட்டு மணிக்கு எல்லாருக்கும் சேர்த்துத் தருவோம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். எட்டரைக்குத்தான் அவர் கட்டிலுக்குப் போனேன். அதற்குள் முட்டையும் பாலும் ஊட்டிவிட்டிருந்தார்கள். பத்து மணிக்கும் அவர் கை சட்டையின் முதல் பொத்தானைப் பிடித்தபடியே நின்றது. ஆயுசு முழுக்கக் காஜா எடுத்த விரல்கள்.

காரணத்தை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். மூளை செல்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே ஏறக்குறைய 20 நானோமீட்டர் இடைவெளி. அதைத் தாண்டிச் சேதி சொல்லத்தான் டோபமைன் போன்ற ரசாயனங்கள். அசைவுக்கான டோபமைனைத் தரும் நடுமூளை செல்கள் அதைச் சின்னச் சின்னப் பைகளில் சேமித்து, வேண்டும்போது அவிழ்த்துவிடும். இந்த நோயில் அழிவது அந்த செல்கள்தான்.

அவருக்குத் தரும் லெவோடோபா மாத்திரை மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. நோயின் ஆரம்பத்தில், மிச்சமிருக்கும் செல்கள் அதை வாங்கி வைத்துப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும். ஒரு வேளை தாமதமானாலும் பெரிதாகத் தெரியாது. வருடங்கள் போனபின் சேமிக்க இடமே இல்லை. ரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்தால் கையும் நின்றுவிடும். அது பாதியாகக் குறைய ஒன்றரை மணி நேரம் போதும். போதாததற்கு, முட்டை, பாலில் உள்ள புரதம் செரித்துவரும் அமினோ அமிலங்கள் குடலிலும் மூளையின் வாசலிலும் இந்த மருந்தோடு போட்டி போடும். அந்த அம்மா கேட்டது சலுகையே இல்லை. அவர் கணவரின் மூளை இழந்துவிட்ட சேமிப்பைக் கடிகாரத்தால் ஈடுகட்டிக்கொண்டிருந்தார்.

1957-இல் ஸ்வீடன் ஆய்வாளர் அர்விட் கார்ல்சன், மூளையின் டோபமைன் சேமிப்பைக் காலிசெய்யும் ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தபோது அவை அசைவற்றுக் கிடந்தன. டோபமைனாக மாறும் டோபாவைக் கொடுத்ததும் எழுந்தன. ரெசர்பின் நம் சர்ப்பகந்தா வேரில் கிடைப்பது. இதைப் படித்தபோது எனக்கு அந்தத் தையல்காரரின் கைதான் கண்முன் வந்தது.

மறுநாள் கேஸ் ஷீட்டில் நேரத்தைச் சிவப்பு மையில் எழுதினேன். ஐந்து ஐம்பதுக்கு என் போனில் அலாரம். வெறும் வயிற்றில் மாத்திரை, தண்ணீர். ஏழு மணிக்கு எட்டிப் பார்த்தேன். மூன்றாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.