நத்தாருக்கு மூன்று பெட்டி

இந்த முறை நத்தாருக்குக் கொழும்புச் சிநேகிதிகளுக்குக் கடைச் சொக்லேட் இல்லை. மூதூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் பின்னிய பனையோலைப் பெட்டிகள். ஐந்து சொல்லியிருந்தேன், மூன்றுதான் கிடைத்தன. மழை! குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயத்தில் கொதிக்கவிட்டு, திரும்பவும் காயவைத்த பிறகுதான் பின்னத் தொடங்கலாம். திருகோணமலையில் மார்கழியில் வெயிலுக்கு எங்கே போவது? செப்டெம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டும், பிழை என்னுடையது.

விலையைக் கேட்டதும் வாய் சும்மா இருக்கவில்லை. "கொஞ்சம் குறையுங்கோ அக்கா." அவர் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டிக் காட்டினார். விரல் நுனியெல்லாம் ஓலை கிழித்த கோடுகள். சொன்ன விலையையே கொடுத்தேன். (சூப்பர்மார்க்கெட்டில் இப்படிப் பேரம் பேசுவேனா?)

மற்ற இருவருக்கும் கிண்ணியாவில் ஒரு ராத்தா தைத்த கைப்பைகள். துண்டுத் துணிகளை இணைத்து, உள்ளே ஒரு பொக்கெட்டும் வைத்திருக்கிறார். எனக்கும் ஒன்று வாங்கிவிட்டேன், சரி, யாரும் கேட்காதீர்கள்.

பெட்டிகளுக்குள் பனங்கட்டி வைத்து அனுப்ப யோசனை. அனுப்பும்வரை அது மிஞ்சவேண்டுமே.