எக்ஸ்ட்4 ஜர்னல்: எதைத் திருகலாம், எதில் கை வைக்கக்கூடாது

மின்சாரம் போய் வந்ததும் சர்வர் சில விநாடிகளில் எழுந்துவிட்டால், லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடான ஜர்னல் தரவைக் காப்பாற்றிவிட்டது என்று பேசிக்கொள்கிறோம். அது காப்பாற்றியது கோப்பு முறைமையின் கணக்கு வழக்கைத்தான்: எந்த ஐநோட் (கோப்பின் விவரக் குறிப்பு) எங்கே இருக்கிறது, எந்த பிளாக் எந்தக் கோப்புக்குச் சொந்தம் என்பதை. கோப்புக்குள் கடைசியாக எழுதியது பிழைத்ததா என்பது வேறு கேள்வி.

எக்ஸ்ட்4-இன் இயல்பு அமைப்பு டேட்டா=ஆர்டர்டு. மெட்டாடேட்டா, அதாவது மேற்சொன்ன கணக்கு வழக்கு, மட்டும் ஜர்னலுக்குள் போகும். அது சுட்டும் தரவு பிளாக்குகள் அதற்கு முன்பே டிஸ்கில் இறங்கிவிடும். டேட்டா=ரைட்பேக் இந்த வரிசையைக் கைவிடுகிறது. மின்சாரம் போய் வந்தபின், புதிய கோப்பின் நடுவே வேறொருவர் எப்போதோ அழித்த கோப்பின் உள்ளடக்கம் எட்டிப்பார்க்கலாம். பலர் உள்நுழையும் சர்வரில் இது பாதுகாப்பு ஓட்டையே. டேட்டா=ஜர்னல் எல்லாவற்றையும் இருமுறை எழுதும்; டிலேய்டு அலொகேஷனும் (தரவுக்கு டிஸ்கில் இடம் ஒதுக்குவதைத் தள்ளிப்போடும் உத்தி) போய்விடும். தரவுத்தளத்துக்கு ஏற்கெனவே சொந்தமாக லாக் இருக்கும்போது, அதன் கீழே இதைப் போடுவது வீண் வேலை.

குழப்பம் அதிகம் கமிட் மதிப்பில்தான், அதாவது ஜர்னலை எத்தனை விநாடிக்கு ஒருமுறை டிஸ்கில் எழுதுவது என்பதில். இயல்பு 5 விநாடி என்றதும், இழந்தால் 5 விநாடி தரவுதானே என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த 5 விநாடி மெட்டாடேட்டாவுக்கு. டிலேய்டு அலொகேஷன் இருப்பதால், பிளாக் ஒதுக்கப்படாத தரவு, ஒரு கமிட்டில் சேர்ந்து எழுதப்படும் அந்த டிரான்ஸாக்‌ஷனில் சேர்வதே இல்லை. அது நினைவகத்திலேயே காத்திருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதைச் சொல்லும், கெர்னலின் டர்ட்டி_எக்ஸ்பயர்_சென்டிசெக்ஸ் மதிப்பு வழக்கமாக 3000 (விநாடியின் நூறிலொரு பங்கில்), அதாவது 30 விநாடி. ஆகவே இழப்பு அரை நிமிடத்தைத் தாண்டவும் கூடும். கமிட்டை 1 ஆக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

உண்மையான உத்தரவாதம், தரவை உடனே டிஸ்கில் எழுதச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பில் இருக்கிறது. ஒரு கோப்பை மாற்ற: தற்காலிகக் கோப்பில் எழுதி, அதற்கு எஃப்சிங்க் கொடுத்து, பழைய பெயருக்கு ரீநேம் செய்து, கடைசியில் கோப்புறைக்கும் எஃப்சிங்க். நடுவிலுள்ள எஃப்சிங்கை விட்ட நிரல்களால் 2009-இல் பூஜ்ஜிய பைட் கோப்புகள் பற்றிப் பெரிய சர்ச்சையே எழுந்தது. அதன்பின் வந்த, இத்தகைய ரீநேமைக் கண்டால் தரவை முன்கூட்டியே எழுதிவிடும் ஆட்டோ_டிஏ_அலாக் என்ற தற்காப்பு இயல்பாகவே இயங்குகிறது. அதை அணைக்காதீர்கள், அதையே நம்பி நிரலும் எழுதாதீர்கள்.

பேரியரை (கமிட் குறிப்புக்கு முன் டிஸ்கின் கேஷை எழுதி முடிக்கவைக்கும் காப்பை) அணைப்பதுதான் மிக ஆபத்தான ‘வேகம் கூட்டும்’ யோசனை. டிஸ்க் தன் உள் கேஷில் வைத்ததை எழுதி முடிக்காமலே, ஜர்னலின் கமிட் குறிப்பு முதலில் இறங்கிவிடலாம். அப்புறம் ஜர்னலே பொய் சொல்லும். பேட்டரி தாங்கும் கேஷ் உள்ள ரெய்டு கன்ட்ரோலரில் (பல டிஸ்குகளை இணைத்து இயக்கும் கருவியில்) இதைச் செய்யலாம்தான்; ஆனால் அத்தகைய கருவி கேஷை எழுதி முடிக்கச் சொல்லும் ஃபிளஷ் கட்டளைக்கு உடனே பதில் தந்துவிடுவதால் பெரும்பாலும் லாபம் சொற்பம். எக்ஸ்எஃப்எஸ் என்ற மற்றொரு கோப்பு முறைமை இந்தத் தேர்வையே 4.19 கெர்னலில் நீக்கிவிட்டது. மெய்நிகர் கணினி என்றால் வெளிக்கணினியின் கேஷ் அமைப்பையும் பாருங்கள். மெய்நிகர் கணினிகளை இயக்கும் கியூஎமுவில் ‘அன்சேஃப்’ என்று இருந்தால் ஃபிளஷ் எல்லாம் காற்றில் போகும். உள்ளே என்ன மாற்றினாலும் பயனில்லை.

வேகம் வேண்டுமென்றால் முதலில் நோஏடைம் போடுங்கள்; கோப்பைப் படித்த நேரத்தைக் குறித்துவைப்பது நின்றுவிடும். எஸ்டி கார்டில் கமிட்டை 30 அல்லது 60 ஆக உயர்த்தலாம், எழுத்துச் சுமை குறையும். அடிக்கடி எஃப்சிங்க் செய்யும் நிரல் ஓடினால் பலன் இராது, ஒவ்வோர் அழைப்பும் கமிட்டை வரவழைத்துவிடும்.

பலர் கவனிக்காதது ஜர்னலின் அளவு. சிறிய இமேஜாக நிறுவி, ரீசைஸ்2எஃப்எஸ் கொண்டு பெரிதாக்கிய பகிர்வில் (பார்ட்டிஷனில்) ஜர்னல் பழைய அளவிலேயே நிற்கும். அது நிரம்பும்போதெல்லாம் எழுதுபவர்கள் காத்திருக்க வேண்டிவரும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை உருவாக்கும்போது கணினி விட்டுவிட்டுத் திணறும். டம்ப்ஈ2எஃப்எஸ் நிரலை -எச் தேர்வோடு ஓட்டினால் அளவு தெரியும். பெரிதாக்க, பகிர்வை அன்மவுன்ட் செய்து, டியூன்2எஃப்எஸ் கொண்டு ஹேஸ்_ஜர்னல் அம்சத்தை நீக்கி, கோப்பு முறைமையைச் சோதிக்கும் ஈ2எஃப்எஸ்சிகே -எஃப் ஓட்டி, மறுபடி டியூன்2எஃப்எஸ்-க்கு -ஜே (பெரிய எழுத்து) சைஸ்=1024 என்று கொடுக்க வேண்டும். எண் மெகாபைட்டில்.

ரூட் பகிர்வில் டேட்டா முறையை மாற்ற எஃப்எஸ்டேபில் (மவுன்ட் தேர்வுகளைப் பட்டியலிடும் கோப்பில்) எழுதினால் ஒரு பொறி காத்திருக்கிறது. கணினி எழும்போது ரூட் முதலில் படிக்க மட்டும் மவுன்ட் ஆகி, பிறகு ரீமவுன்ட் ஆகும். அந்த ரீமவுன்ட்டில் இந்த முறையை மாற்ற எக்ஸ்ட்4 விடாது. ரீமவுன்ட் தோற்று, ரூட் படிக்க மட்டும் என்ற நிலையில் நின்றுவிடும். கெர்னலைத் தொடங்கும் கட்டளை வரியில் ரூட்ஃபிளாக்ஸ் வழியாகக் கொடுங்கள், அல்லது டியூன்2எஃப்எஸ் -ஓ (சிறிய எழுத்து) கொண்டு கோப்பு முறைமையின் தலைமைக் குறிப்பான சூப்பர்பிளாக்கிலேயே எழுதிவிடுங்கள். எந்தத் தேர்வுகள் உண்மையில் அமலில் உள்ளன என்று அறிய, மவுன்ட் காட்டும் பட்டியல் போதாது. ப்ராக் அடியில் எஃப்எஸ், அதனுள் எக்ஸ்ட்4, அதனுள் டிஸ்கின் பெயரிலுள்ள கோப்புறையில் ‘ஆப்ஷன்ஸ்’ என்ற கோப்பைத் திறந்தால் இயல்பு மதிப்புகளும் சேர்ந்தே தெரியும்.