மைனஸ் 3.4-லிருந்து 3.0

போன வருஷம் களத்துமேட்டில் வழுக்கி விழுந்ததில் அம்மாவுக்கு முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கிவிட்டது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், ஆரோக்கியமான இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் மைனஸ் 3.4. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்புப்புரை நோய்தான். ராகிக் களி தின்று வளர்ந்த உடம்பாச்சே என்று மனசு ஆறவில்லை.

புது எலும்பை வளர்க்கும் டெரிபாரடைடு ஊசி, தினமும் 20 மைக்ரோகிராம். பென்னாகரத்தில் கரண்ட் போனால் எனக்கு முதல் கவலை ஃபிரிட்ஜில் இருக்கும் அந்த ஊசிப் பேனாதான். ராத்திரி வயிற்று மடிப்பைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் குத்துடா கண்ணு" என்பார். காலண்டரில் டிக் அடிப்பது அவர் வேலை.

மூன்றாம் மாதம் பி1என்பி ரத்தப் பரிசோதனை. புது எலும்பு உருவாவதைக் காட்டும் அந்த அளவு நன்றாக ஏறியிருந்தது. ஸ்கேனில் தெரிய ஒரு வருஷமாவது ஆகும் என்பதால், அதுதான் எங்களுக்குத் தெம்பு.

நேற்று சேலத்தில் அதே மெஷினில் மறுபடி ஸ்கேன். மெஷின் மாறினால் ஒப்பிடுவது கஷ்டம். மைனஸ் 3.0! கதவு நிலையில் பென்சிலால் குறித்த அம்மாவின் உயரக் கோடும் இறங்கவில்லை.

இரண்டு வருஷத்தில் ஊசி நின்றதும் வேறு மருந்து தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் சேர்ந்தது கரைந்துவிடும். தயவுசெய்து யாரும் அங்கே விட்டுவிடாதீர்கள்.

பஸ்ஸில் அம்மா கேட்டார்: "இனி தண்ணிக் குடம் தூக்கலாமா?"

"இன்னும் வேண்டாம்மா."